எட்டுப் பெயர்களோடு முடிந்துவிடவில்லை டீப் பர்ப்பிள்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளையின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

2016 ஏப்ரல் 8 அன்று புரூக்ளினில், பார்க்ளேஸ் சென்டர் அரங்கில் நீங்கள் நடத்திய விழாவைப் பற்றியே இந்த மடல். இத்தனை ஆண்டு கழித்து எதற்கு என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளை, ராக் இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் மண்டபத்துக்குள் விடுவதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால், நான் ஒன்றும் அவ்வளவு தாமதமாக வந்துவிடவில்லை.

அன்றிரவு அந்தக் குழுவின் பெயரில் மேடையேறி வாசித்தவர்கள் ஐந்து பேர். பாடியவர் இயன் கில்லன். பேஸ் கிட்டார் ராஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ், கிட்டார் ஸ்டீவ் மோர்ஸ், கீபோர்டு டான் ஏரி. அந்தக் குழுவுக்காக நீங்கள் கௌரவித்தது எட்டுப் பேரை; மேடையில் வாசித்த ஐவரில் முதல் மூவர் மட்டுமே அந்த எட்டில் உண்டு. மோர்ஸும் ஏரியும் வாசித்துவிட்டு இறங்கினார்கள், அவ்வளவுதான். கௌரவம் பெற்ற டேவிட் கவர்டேலும் கிளென் ஹ்யூஸும் மேடையில் பேசினார்கள், ஆனால் குழுவோடு சேர்ந்து இசைக்கவில்லை. பழைய கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வரவே இல்லை. பழைய கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். எட்டாவது நபரான ராட் எவன்ஸ் பொதுவெளியில் தலைகாட்டியே பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கல்யாணப் பத்திரிகையில் பந்தல் போட்டு, பந்தி பரிமாறி, விடியவிடிய ஓடியாடிய சித்தப்பா பெயரை விட்டுவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போன பெரியப்பா பெயரை முதல் வரியில் அச்சடித்தால் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பேசுவார்கள். பெரியப்பாவைப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவை ஏன் விட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் குழு எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். த சர்ச்சர்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞராக இருந்த கிறிஸ் கர்ட்டிஸ், லண்டனில் டோனி எட்வர்ட்ஸ் என்ற தொழிலதிபரிடம் ஒரு யோசனையோடு போனார். ஒரு குழு இருக்கும். அதில் இசைக்கலைஞர்கள் ராட்டினத்தில் ஏறுவதுபோல ஏறுவார்கள், இறங்குவார்கள். அதனால் அதற்கு ரவுண்டபவுட் என்று பெயர். எட்வர்ட்ஸ் பணம் போட்டார். வேடிக்கை என்னவென்றால், யோசனை சொன்ன கர்ட்டிஸே குழு உருவாவதற்குள் இறங்கிப் போய்விட்டார். மிஞ்சிய லார்டும் பிளாக்மோரும் நிக் சிம்பர், எவன்ஸ், பெய்ஸ் மூவரையும் சேர்த்துக்கொண்டு, 1968 தொடக்கத்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் டீவ்ஸ் ஹால் என்ற பழைய பண்ணை வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டொன்றின் பெயரே குழுவுக்குப் புதுப் பெயராயிற்று. ஆள் மாறுவது இந்தக் குழுவுக்குப் பின்னால் வந்த நோய் அல்ல. அது பிறக்கும்போதே போட்ட திட்டம்.

ரசிகர்கள் குழுவின் ஒவ்வொரு உறுப்பினர் வரிசைக்கும் எண் கொடுத்து மார்க் 1, மார்க் 2 என்று சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் பட்டியலின் கோளாறு மார்க் 1 வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது.

அதில் ஐந்து பேர். அவர்களில் நால்வர் உங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஐந்தாமவர், பேஸ் வாசித்த நிக் சிம்பர், இல்லை. பாடகர் எவன்ஸும் சிம்பரும் 1968 வசந்தத்தில் சேர்ந்து, 1969 ஜூலையில் ஒன்றாகவே நீக்கப்பட்டவர்கள். இருவரும் பங்கேற்றவை அதே மூன்று இசைத்தட்டுகள். அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் பிடித்த ‘ஹஷ்’ பாடலில் இருவரும் இருக்கிறார்கள். அந்தப் பாடலை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். லார்டின் ஆர்கன் மேலே தாவிக் குதிக்கும்போது அடியில் விடாமல் உருண்டோடும் பேஸ் யாருடையது? அந்தப் பாட்டு உங்கள் விழா மேடையிலேயே இசைக்கப்பட்டது. பாடியவருக்கு மரியாதை, பேஸ் வாசித்தவருக்கு இல்லை. எந்த அளவுகோலை வைத்தால் இந்த இருவரில் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் வருவார்? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர்கள் நீக்கப்பட்ட விதமும் அழகானது அல்ல. லண்டனில் ஹேன்வெல் சமூகக் கூடத்தில் பகல் நேரத்தில் கில்லனும் குளோவரும் மற்ற மூவரோடு ரகசியமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவில் அதே மூவர், ஒன்றும் தெரியாத எவன்ஸோடும் சிம்பரோடும் கச்சேரிக்குப் போனார்கள். சிம்பரைக் குழு ஒருமுறை கழற்றிவிட்டது. 47 ஆண்டுகள் கழித்து நீங்கள் இரண்டாம் முறை கழற்றிவிட்டீர்கள்.

எவன்ஸ் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 1976-இல் குழு கலைந்துபோன பிறகு, 1980-இல் அவரை மட்டும் முன்னிறுத்தி, முகம் தெரியாத சிலரைச் சேர்த்துக்கொண்டு, டீப் பர்ப்பிள் என்ற பெயரில் ஒரு குழு அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றியது. லாங் பீச் கச்சேரிக்கு முன்னால், உண்மையான உறுப்பினர்களின் பெயர்களைப் போட்டு இவர்கள் யாரும் மேடையேறப்போவதில்லை என்று நாளிதழில் விளம்பரமே கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கு நடந்தது. 6,72,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. எவன்ஸ் தனக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியையும் இழந்தார். எவன்ஸைச் சேர்த்ததில் எனக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. அந்தக் குரல் முதல் மூன்று இசைத்தட்டுகளின் குரல். பின்னால் செய்த தவறு அதை அழிக்காது. நீங்கள் அப்படிப் பெருந்தன்மையோடு நடந்துகொண்டது சரியே. அந்தப் பெருந்தன்மை, எந்தத் தவறும் செய்யாத சிம்பருக்கு ஏன் எட்டவில்லை?

மார்க் 2 பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கில்லன், குளோவர், பிளாக்மோர், லார்ட், பெய்ஸ். எனக்கும் மனத்துக்கு நெருக்கமான வரிசை இதுதான். 1969 செப்டம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வாசித்தார்கள்; மறு ஆண்டே ‘இன் ராக்’ இசைத்தட்டில் காது கிழியும் ஓசைக்கு மாறினார்கள். ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டு, கிட்டாரோடு முட்டிமோதும் முரட்டுக் குரலை அதற்குக் கொடுத்தவர் லார்ட். மேடையில் கிட்டார் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத இடங்கள் அதனால் வந்தவைதான்.

சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் நடந்த கதை இல்லாமல் இந்தக் குழுவைப் பற்றி யாராலும் எழுத முடியாது. 1971 டிசம்பர் 4 அன்று, ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியில் யாரோ ஒருவர் சுட்ட ஒளிக்குண்டு சூதாட்ட விடுதியின் கூரையைப் பற்றவைத்தது. டீப் பர்ப்பிள் பதிவு செய்ய வந்திருந்த இடமே சாம்பலாயிற்று. அடுத்து பெவிலியன் அரங்கில் வாசித்தபோது, தூக்கம் கெட்ட ஊர்க்காரர்கள் புகார் செய்து போலீஸ் வந்தது. உள்ளே பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிக் கிடைத்ததுதான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் வாத்தியப் பகுதி. மீதிப் பாடல்களை, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சுவராக அடுக்கிப் பதிவு செய்தார்கள். வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டிக்குப் போய்ப் போட்டுக் கேட்க வேண்டுமானால், அறைகளுக்குள் புகுந்து பால்கனி தாண்டிச் சுற்றிப்போக வேண்டும். அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டார்களாம். உலகத்தில் கிட்டார் கற்கும் பிள்ளைகள் முதலில் தட்டுத்தடுமாறி வாசிக்கும் அந்த நான்கு சுர வரிசை இப்படித்தான் வந்தது. அதைப் பிளாக்மோர் பிக் என்ற மீட்டுத் தகடு இல்லாமல் விரலால், இரண்டு தந்திகளைச் சேர்த்துக் கிள்ளி வாசிப்பார். பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் தவறாகத்தான் வாசிக்கிறார்கள்.

இவ்வளவு மேலே போன வரிசை நான்கே ஆண்டுகளில் உடைந்தது. 1972 முடிவதற்குள் கில்லன் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிகளையெல்லாம் முடித்துவிட்டு 1973 ஜூன் 29 அன்று ஒசாகாவில் விடைபெற்றார். குளோவரும் வெளியேற நேர்ந்தது. அந்த இடங்களுக்கு வந்தவர்கள், ரெட்காரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கவர்டேலும், டிரபீஸ் குழுவில் இருந்த ஹ்யூஸும். ‘பர்ன்’, ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ இரண்டும் 1974-இல் வந்தன. இசை ஃபங்க் பக்கம் சாய்ந்தது. பிளாக்மோருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. 1975-இல் அவரும் கிளம்பி ரெயின்போ என்ற தன் குழுவைத் தொடங்கினார்.

இங்கேதான் உங்கள் பட்டியல் இரண்டாம் முறை சறுக்குகிறது. பிளாக்மோர் போன இடத்துக்கு வந்தவர் டாமி போலின். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பிறந்த இளைஞர். பில்லி காப்ஹமின் ‘ஸ்பெக்ட்ரம்’ இசைத்தட்டில் அவர் வாசித்திருந்ததுதான் குழுவினரின் காதை இழுத்தது. அவர் வந்து வெறும் ஆள்நிரப்பியாக இருக்கவில்லை. ‘கம் டேஸ்ட் த பேண்ட்’ இசைத்தட்டின் பெரும்பாலான பாடல்களில் அவருடைய எழுத்து இருக்கிறது. பிளாக்மோர் இல்லாமலும் இந்தப் பெயரில் நல்ல இசைத்தட்டு வர முடியும் என்று முதலில் நிரூபித்தவர் அவரே. மேடையில் நிலைமை வேறு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. போதைப் பழக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. டோக்கியோக் கச்சேரியில் இடது கை சரியாக இயங்காமல், கிட்டார் பகுதிகளை லார்ட் ஆர்கனில் இட்டு நிரப்ப வேண்டியதாயிற்று. ரசிகர்களோ பிளாக்மோர் பெயரைக் கூவினார்கள். 1976 மார்ச் 15 அன்று லிவர்பூலில் கடைசிக் கச்சேரி. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று மயாமியில் போலின் இறந்தார். வயது 25.

அந்த இசைத்தட்டில் பாடிய கவர்டேலும் ஹ்யூஸும் உங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். லார்டும் பெய்ஸும் இருக்கிறார்கள். அதற்கான பாடல்களில் பெரும்பகுதியை எழுதிக் கிட்டார் வாசித்தவர் மட்டும் இல்லை. ஓர் ஆண்டுக்கும் குறைவாக இருந்தார் என்பது காரணம் என்றால், எவன்ஸ் எத்தனை ஆண்டு இருந்தார்?

1984-இல் மார்க் 2 மறுபடி கூடியதையும் ‘பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ வெற்றியையும், 1989-இல் கில்லன் நீக்கப்பட்டதையும் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கில்லன் இடத்தில் ஜோ லின் டர்னர் பாடி 1990-இல் வந்த ‘ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்’ பற்றி ஒரு வார்த்தை: அட்டையை மறைத்துக்கொண்டு கேட்டால் ரெயின்போ இசைத்தட்டு என்றே நினைக்கத் தோன்றும். டர்னருக்காக நான் குரல் உயர்த்தப் போவதில்லை. நீங்கள் ஒரு விதியை எழுதி, அதன்படி அவரும் உள்ளே வருகிறார் என்றால் மறுக்கவும் மாட்டேன்.

கில்லன் திரும்பினார். பழைய சண்டையும் கூடவே திரும்பியது. 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவில், ஹெல்சிங்கி கச்சேரியோடு பிளாக்மோர் நிரந்தரமாக விலகினார். ஜப்பான் கச்சேரிகளுக்கு கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானி அவசர உதவிக்கு வந்தார். பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிளுக்கு எதிர்காலம் இல்லை என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள்.

1994-இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். அமெரிக்கர், டிக்ஸி டிரெக்ஸ் குழுவை நடத்தியவர். பிளாக்மோரைப் போல வாசிக்க அவர் முயலவே இல்லை, அதுதான் அவர் செய்த முதல் நல்ல காரியம். 1996-இல் வந்த ‘பர்ப்பெண்டிகுலர்’ இசைத்தட்டில் ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்கிரீமிங்’ பாட்டின் தொடக்கத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அந்த மெல்லிய கிட்டார் வரி பழைய டீப் பர்ப்பிளில் எங்கும் இல்லாதது. ஆனாலும் பாட்டு வேறு யாருடையதாகவும் ஒலிக்கவில்லை. குழு பிழைத்துக்கொண்டது. 2002-இல் லார்ட் ஓய்வு பெற்றபோது டான் ஏரி அவருடைய ஹாமண்டின் முன்னால் உட்கார்ந்தார். குழு மறுபடியும் பிழைத்துக்கொண்டது.

இப்போது கணக்குப் பார்ப்போம். உங்கள் விழா நடந்த அன்று மோர்ஸ் இந்தக் குழுவில் 21 ஆண்டுகளை முடித்திருந்தார். பிளாக்மோர் இருந்த இரண்டு தவணைகளையும் கூட்டினாலும் சுமார் 16 ஆண்டுதான் வருகிறது. ஏரி 14 ஆண்டுகளாக வாசித்துக்கொண்டிருந்தார். இவர்கள் விடுபட்டதில் தனக்குள்ள வருத்தத்தை அப்போதே கில்லன் ஒளித்து வைக்கவில்லை.

பழைய வெற்றிக் காலத்தில் இருந்தவர்களுக்கே இடம் என்பது உங்கள் வழக்கம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக உங்கள் பதிவேடு சொல்லவில்லை. 1994-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்காக நீங்கள் சேர்த்தவர்கள் 12 பேர். மேடையேறாமல் பாட்டு மட்டும் எழுதிய ராபர்ட் ஹண்டர் உட்பட. 2012-இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் உள்ளே வந்தபோது, 2009-இல்தான் சேர்ந்திருந்த ஜாஷ் கிளிங்ஹாஃபரும் சேர்த்தே கௌரவிக்கப்பட்டார். 2009-இல் மெட்டாலிகா வந்தபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோவுக்கும் இடம் கிடைத்தது. அவை எல்லாம் நியாயமான முடிவுகள். புரூக்ளினில் டீப் பர்ப்பிளை வரவேற்றுப் பேசியவர் அதே மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக். தன் குழுவின் புது பேஸ் கலைஞருக்கு ஆறு ஆண்டில் கிடைத்தது, தான் அறிமுகப்படுத்தும் குழுவின் கிட்டார் கலைஞருக்கு 21 ஆண்டில் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைத்திருக்காதா?

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் இருக்கலாம். இருந்தால் வெளியிடுங்கள். உறுப்பினர் பட்டியலை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது ரசிகர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பெயரை விட்டால் ஏன் விட்டோம் என்று ஒரு வரியாவது எழுதி வையுங்கள். இல்லையென்றால், அந்தந்த ஆண்டில் யாருக்கு யாரைப் பிடித்திருந்தது என்பதுதான் விதி என்று நாங்கள் முடிவு கட்டுவதைத் தவிர வழியில்லை.

கதவு மூடிவிட்டது, இனித் திறக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களே திறந்திருக்கிறீர்கள். பட்டி ஹாலி, ஜேம்ஸ் பிரவுன், ஸ்மோக்கி ராபின்சன் போன்றவர்களைத் தனியாகச் சேர்த்துவிட்டு, அவர்கள் பின்னால் நின்றவர்களை மறந்திருந்தீர்கள். 2012-இல் தனிக் குழு அமைத்துப் பரிசீலித்து, த கிரிக்கெட்ஸ், த ஃபேமஸ் ஃபிளேம்ஸ், த மிராக்கிள்ஸ், த காமெட்ஸ், த புளூ கேப்ஸ், த மிட்நைட்டர்ஸ் ஆகிய ஆறு குழுக்களையும் ஒரே நேரத்தில் உள்ளே அழைத்தீர்கள். சிலருக்கு அது கால் நூற்றாண்டு தாமதம். ஆனாலும் செய்தீர்கள், யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. அதே வழி டீப் பர்ப்பிளுக்கும் போதும்.

கேட்பது நான்கு பெயர்கள்: நிக் சிம்பர், டாமி போலின், ஸ்டீவ் மோர்ஸ், டான் ஏரி. மோர்ஸ் தம் மனைவியின் உடல்நலத்துக்காக 2022-இல் குழுவைவிட்டு விலகிவிட்டார். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த சைமன் மெக்பிரைட் அந்த இடத்தில் வந்து, 2024-இல் ஓர் இசைத்தட்டும் வந்தாயிற்று. மெக்பிரைட்டின் முறை பிறகு வரட்டும், அவசரமில்லை. எல்லா வரிசையிலும் இருந்த ஒரே மனிதர் இயன் பெய்ஸ். யார் யார் குழுவின் உறுப்பினர்கள் என்பதில் சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டாலே போதும்.

தள்ளிப்போடுவதன் விலை உங்களுக்குத் தெரியாதது அல்ல. முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டுகள் ஆனால் தகுதி என்ற உங்கள் விதிப்படி, டீப் பர்ப்பிள் 1993-லேயே தகுதி பெற்றுவிட்டது. அவர்கள் பெயர் முதன்முதலாக உங்கள் வாக்குச்சீட்டில் ஏறியது 2012 அக்டோபரில். ஜான் லார்ட் இறந்தது அதே ஆண்டு ஜூலை 16 அன்று. போலினுக்கு இனி எதுவும் தெரியப் போவதில்லை. சிம்பர் 1945-இல் பிறந்தவர். லார்டுக்குச் செய்ததை அவருக்கும் செய்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அவருடைய பெயரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மார்க் 2 இசைத்தட்டுகளை அதிகமாகவும் மற்றவற்றைத் தவறாமலும் கேட்கும் ஒரு ரசிகர்